முழங்கால் நோ

தகப்பன் கொன்ஸ்ரன்ரைன் நீட்டிய குழந்தையின் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துக் கொட்டாஞ்சேனை டொக்டர் முகம் சுளித்தார்.

"விற்றமின் டி குறைஞ்சா எலும்புக்கு மட்டுமில்லை, இருதயத்துக்கும் கூடாதெண்டு சொன்னனான். மருந்து குடுக்கேல்லையோ, கொன்ஸ்ரன்ரைன்?"

"போத்தல் முடிஞ்சுது, டொக்டர்."

"அப்ப பிள்ளை ஏன் தேறேல்லை? அது கிடக்க, உங்கட முழங்கால் நோ எங்க? நொண்டாம வாறியள்."

கொன்ஸ்ரன்ரைன் தலையைச் சொறிந்தார்.

"வேலைக்குப் போகேக்க பிள்ளையையும் மருந்தையும் வெள்ளவத்தையில தங்கச்சி வீட்டில விடுறனான். வழியில மூண்டு ஆமி செக்பொயின்ற். போத்தலைக் கண்டா வெடிமருந்தோ எண்டு ஒவ்வொருத்தனும் என்னைக் குடிச்சுக் காட்டச் சொல்லுறான்."

டொக்டர் புதிய போத்தலை நீட்டினார்.

"முதல் செக்பொயின்ற்றில பிள்ளைக்குக் குடுத்துக் காட்டுங்கோ. மற்ற ரெண்டும் உங்கட முழங்காலுக்கு."