மரண அறிவித்தலில் ஒரு மாப்பிள்ளை

"ஆர் எவர் எண்டு தெரியாத வீட்டிலை பிள்ளையைக் குடுக்க ஏலாது" என்று யோகமலர் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

மகள் தாரிணி விடுகிற ஆளா? "ஆர் எவர் எண்டு நான் கண்டுபிடிச்சுக் காட்டினால்?"

"எங்கட ஆக்கள் எண்டு காட்டு. பிறகு பாப்பம்."

தாரிணி விரும்பிய பிரியந்தனுக்கு லண்டன் ஹவுன்ஸ்லோவில் சொந்த வீடு, ஏர்போர்ட்டில் நல்ல வேலை. அதெல்லாம் யோகமலரிடம் எடுபடவில்லை. கட்டினால் அவனைத்தான் என்று தாரிணியும் தலைகீழாக நின்றாள். அன்றைக்கே லேப்டாப்பைத் திறந்தாள்.

வெள்ளைக்காரர் தங்கள் பரம்பரையைத் தேடுகிற தளங்களில் யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயரைப் போட்டால் ஒன்றுமே வரவில்லை. கடைசியில் அவள் போய் நின்ற இடம் மரண அறிவித்தல் தளம். நம்முடைய ஆட்கள் கனடாவில் செத்தால் என்ன, பாரிஸில் செத்தால் என்ன, மறுநாள் படத்தோடு அதில் வந்துவிடுவார்கள். யாருடைய மகள், யாருடைய சகோதரி, பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்று ஒருவரையும் விடாமல் போட்டிருப்பார்கள். படிக்கக் காசும் கேட்பதில்லை.

வேலை முடிந்து வந்ததும் தாரிணிக்கு அதுதான் வேலை. தாய் ஒத்தாசை செய்யவில்லை. சொந்தக்காரர் யாரும் மோர்டனில் இருந்த அவர்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. கேட்டால், சண்டையில் எல்லாரும் சிதறிப்போனார்கள் என்பாள் யோகமலர். தன் அம்மம்மாவின் பெயரைச் சொல்லவே ஒரு வாரம் இழுத்தடித்தாள். கணவர் ஞானேஸ்வரனின் பக்கத்தைக் கேட்டபோது, "அப்பாவுக்கு ஒருத்தரும் இல்லை. அங்கை தேடி மினக்கெடாதை" என்று வாயை அடைத்துவிட்டாள். ஞானேஸ்வரன் எழுந்து தேநீர் போடப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தாரிணி லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். திரையில் ரொறன்ரோவில் இறந்துபோன ஒரு மூதாட்டியின் படம்.

"இவ பிரியந்தன்ர அம்மான்ர அம்மம்மா. உங்கட அம்மம்மாவின்ர சொந்தத் தங்கச்சி. பேர் போட்டிருக்கு, பாருங்கோ. அப்ப அவை எங்கட ஆக்கள்தானே, அம்மா?"

யோகமலர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் படித்தாள்.

"எங்கட ஆக்கள்தான். அதுதான் ஏலாது. அக்கா தங்கச்சி வழியிலை வந்த பிள்ளையள். அவன் உனக்கு அண்ணன் முறை."

அது எத்தனையோ தலைமுறை தள்ளிய உறவு, இந்த நாட்டுச் சட்டத்தில் தடையே இல்லை என்று தாரிணி எடுத்துச் சொன்னாள்.

"சட்டம் விடும், சனம் விடாது" என்றாள் யோகமலர். "முறை தப்பிக் கட்டினவையை ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்பிடாயினம். செத்த வீட்டுக்கும் சொல்லாயினம். அந்தச் சீரழிவு உனக்கு வேண்டாம் பிள்ளை."

தாரிணி அழுவாள் என்று யோகமலர் நினைத்தாள். அவளோ நிதானமாக இன்னோர் அறிவித்தலைத் திறந்தாள்.

"அந்த ரெண்டு பேருக்கும் இன்னொரு தங்கச்சியும் இருந்தவ, அம்மா. அவவின்ர மகள் செத்த பழைய அறிவித்தல் இது."

படத்தைக் கண்டதும் யோகமலர் லேப்டாப்பை மூடக் கையை நீட்டினாள். தாரிணி விடவில்லை. படத்தில் இருந்தவருக்கு அப்பாவின் அதே மூக்கு, அதே நெற்றி. அவள் சத்தமாகப் படித்தாள்.

"'காலஞ்சென்ற ஞானேஸ்வரன், மற்றும் குகதாசன், சுவர்ணா ஆகியோரின் பாசமிகு தாயாரும்...'"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஞானேஸ்வரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஓம் பிள்ளை. உன்ர அம்மாவும் எனக்குத் தங்கச்சி முறைதான். கட்டின அண்டைக்கே வீட்டிலை என்னைச் சாகடிச்சுப்போட்டினம்" என்றவர், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "செத்து முப்பது வருசமாச்சு, ஒரு குறையுமில்லை. பெடியனை வரச்சொல்லு."