கண்ணைக் கட்டிக் கேட்ட ஐந்து பாட்டு

கூடத்தில் மூவர் இருந்தார்கள். சோபாவில், கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு அப்பா. அவரை ஒட்டி அம்மா. டீப்பாய்க்கு எதிர்ப்பக்கம், இசைத்தட்டுக் கருவிக்கும் போனுக்கும் நடுவில் மகன்.

அப்பாவின் இசைத்தட்டுகளை மொத்தமாக வாங்கிக்கொள்வதாக ஒருவர் கடிதம் போட்டிருந்தார்.

"எல்லாப் பாட்டும் போன்லயே இருக்குப்பா. கேட்டா வித்தியாசமே தெரியாது."

"எனக்குத் தெரியும்டா. ஒண்ணு தப்பாச் சொன்னாலும் அத்தனை ரெக்கார்டையும் குடுத்துடறேன்."

"குடுத்துத் தொலைங்க, வீட்டையே அடைச்சுக்கிட்டு!" என்றாள் அம்மா.

மகன் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றி ஐந்து பாட்டுப் போட்டான். எது தட்டு, எது போன் என்று ஐந்தையும் சரியாகச் சொல்லிவிட்டார் அப்பா. மகன் எழுந்து உள்ளே போனான்.

துண்டை அவிழ்த்த அப்பா, 'விற்பதற்கில்லை' என்று பதில் எழுதிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "போன் பாடினப்பல்லாம் என் காலை மிதிச்சியே, உனக்குத்தான் ரெக்கார்டே ஆகாதே?"

"இப்பவும் ஆகாது. ஆனா இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் அதைத் திருப்பிப் போடவாவது எழுந்திருக்கீங்க. போன்ல கேட்டா சோபாவை விட்டு அசைவீங்களா? டாக்டர் நடக்கச் சொல்லி எத்தனை மாசமாச்சு?"

"மிதிக்காட்டியும் நான் சரியாத்தான் சொல்லியிருப்பேன்."

"முதல் பாட்டுக்கே தப்பா வாயெடுத்தீங்க!"

அப்பா உறையை ஒட்டினார்.

"தபால் பெட்டி தெருக்கோடியிலதான். நீங்களே நடந்துபோய்ப் போட்டுட்டு வாங்க" என்று செருப்பை எடுத்து வைத்தாள் அம்மா.