ஏழு பீப்பாய், ஏழு கெண்டை

கார்த்திகை அடைமழை ஓய்ந்து, மண்ணும் விண்ணும் ஒரே சாம்பல் நிறம் பூண்டு மோனத்தில் ஆழ்ந்திருந்த காலம். ஊதுபத்திக் கொட்டகைக்குச் செயற்கை வாசனைத் தைலம் வந்திறங்கும் ஏழு பீப்பாய்களை ஆதிகேசவன் மாலைதோறும் தென்னேரி ஏரியின் படியில் கழுவுவான். விடியலில் அதே படியில், நீரைவிட்டு ஏறிய ஏழு கெண்டைகள் வாய் திறந்து கிடக்கும்.

அவன் மனைவி காந்தா ஏரிமீன் விற்பவள்.

“குழம்பு கொதிச்சா மல்லிப்பூ வாசனை அடிக்குதுமா. துன்றதா, தலையில வெச்சிக்கறதா?” என்று வாடிக்கைக்காரிகள் கூடையைத் திருப்பியனுப்பினார்கள்.

“அந்த வேலைய விட்டுடுய்யா. இல்லாட்டி நம்ம வீட்ல உலை ஏறாது,” என்றாள் காந்தா.

விட்டான். அன்று மாலை ஏரியில் தைல வாசனை ஊறிய தன் உடம்பை மட்டும் தேய்த்துக் குளித்தான். விடியலில் படியில் ஒரு கெண்டை கிடந்தது.

மறுநாள் ஏரிக்குப் போகாமல் வீட்டுக் கிணற்றில் நீர் இறைத்துக் குளித்தான். விடியலில் கெண்டை வீட்டு வாசற்படியில் கிடந்தது.

“உன்னத் தேடிக்கினு வந்துகீதுய்யா,” என்றாள் காந்தா. அவள் குரலில் வியப்பில்லை. அன்று அவள் கூடையை எடுக்கவில்லை.

இன்னும் செவுள் அசைந்துகொண்டிருந்த அதை ஆதிகேசவன் செம்பு நீரில் ஏந்திச் சென்று ஏரியில் விட்டான். மாகறல் ஈசன் கோயில் இருக்கும் திசை நோக்கிக் கைகூப்பி நெடுநேரம் நின்றான். பிறகு நீரைப் பார்த்து, “நல்லா இருப்பா,” என்றான்.