தப்பித்த டப்பா

பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றின் வாசலில் நீண்ட வரிசை நின்றது. அதில் ஒரு பையின் அடியில், குளியல் துண்டுக்குக் கீழே, புளியோதரை டப்பா ஒளிந்திருந்தது. சமையலறையை விட்டு அது வெளியே வந்ததே இன்றைக்குத்தான். ராட்டினத்தில் ஒரு சுற்றாவது சுற்றிவிட வேண்டும் என்று அதற்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அக்கா, ராட்டினம் பனைமரத்தை விட உசரமா?"

"வாயை மூடுடி. வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டாங்க. மாட்டினா வாசலோட சரி" என்றது துண்டு.

டப்பா மூச்சை அடக்கிக்கொண்டது. செக்யூரிட்டி அம்மா பைக்குள் கையை விட்டுத் துண்டைத் தடவிப் பார்த்தாள். "சரி, போங்க" என்றாள். பை வாசலைத் தாண்டி இரண்டடி போயிருக்கும்.

"தப்பிச்சாச்சு அக்கா" என்று டப்பா துள்ளிய துள்ளலில் மூடி கழன்றது. பெருங்காய வாசம் நேராக ஓடிப்போய்ச் செக்யூரிட்டி அம்மாவின் மூக்கில் நின்றது.

"ஏம்மா, கொஞ்சம் நில்லுங்க."

சற்று நேரத்தில் டப்பா வாசலோரத்து அலமாரியில் இருந்தது. அங்கே ஏற்கெனவே பதினோரு டப்பாக்கள். தூரத்தில் ராட்டினத்தின் உச்சி மட்டும் தெரிந்தது.

இட்லி டப்பா நகர்ந்து இடம் கொடுத்தபடி கேட்டது:

"தப்பிச்சாச்சுன்னு நீ எத்தனாவது அடியிலே சொன்னே? நான் மூணாவதிலே."