பழைய தேதியில் ஓர் அட்டை

"நாயைக் கண்ணுல காட்டாம அட்டை மட்டும் கேட்டா எப்படிங்க?" என்றார் டாக்டரம்மா, கையுறையைக் கழற்றிக்கொண்டே.

எதிரே நின்றவர் தோளிலிருந்த கருவிப் பையை மேஜைமேல் வைத்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் நீலச் சட்டை, நகக்கண்களில் கிரீஸ். வேலையிலிருந்து நேரே வந்திருப்பார் போலிருந்தது. வெளியே காலையிலிருந்து மழை விட்டபாடில்லை. அறைக்கு அப்பால் காத்திருந்தவர்களின் நடுவே, கூடைக்குள் இருந்த பூனை ஒன்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"வெறிநோய்த் தடுப்பூசி போட்டதா ஒரு அட்டை, அவ்வளவுதான் டாக்டரம்மா. நாலு மாசத்துக்கு முந்தின தேதி போட்டுத் தந்தீங்கன்னா..."

"பழைய தேதி வேறயா? சரியாப் போச்சு!"

இப்படி வந்து நிற்பவர்கள் அவருக்குப் புதிதில்லை. குடியிருப்புச் சங்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் போதும். மறுநாளே நாலு பேர் நாயை வீட்டில் விட்டுவிட்டு அட்டைக்கு வருவார்கள். 'ஊசின்னா அதுக்கு ரொம்பப் பயம் டாக்டர்' என்பார்கள். பயம் நாய்க்கா, அவர்களுக்கா என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

"நாயைக் கூட்டிட்டு வாங்க. ஊசி போட ரெண்டு நிமிஷம். இன்னைக்குத் தேதியில தாராளமா அட்டை தரேன்."

"நாய் இல்லீங்க. வண்டியில அடிபட்டுச் செத்துப்போச்சு. ரெண்டு மாசத்துக்கு மேல ஆகுது."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "செத்த நாய்க்கா தடுப்பூசி அட்டை? யாருங்க கேக்கறது?"

"வீட்டுலதான். என் சம்சாரம்."

ஏதோ இடறியது. டாக்டரம்மாவின் குரல் மெல்ல மாறியது.

"அடிபடறதுக்கு முன்னாடி நாய் எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு நாளாச் சாப்பிடல. கட்டிலுக்கு அடியிலயே ஒடுங்கிக் கிடந்துச்சு. மூணாம் நாள் கதவைத் திறந்ததும் தெருவுல இறங்கித் தறிகெட்டு ஓடுச்சு. அப்பதான் வண்டி..."

டாக்டரம்மா பதறிப்போனார். "ஐயோ, யாரையாவது கடிச்சுதா? வீட்டுல எல்லாரும் ஊசி போட்டுக்கிட்டீங்களா, இல்லையா? அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்களே! முதல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க!"

"போட்டாச்சு டாக்டரம்மா. எனக்கும் அவளுக்கும் ஆஸ்பத்திரியிலயே போட்டு விட்டாங்க."

"எப்ப?"

"பாப்பா போனதுக்கு அப்புறம்."

டாக்டரம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏழு வயசுங்க" என்றார் அவர், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. "நாய்னா உசிரு. விரல்ல பல்லு பட்டிருக்கு. சொன்னா எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவோம்னு வாயே திறக்கல. ஆஸ்பத்திரியில படுத்ததுக்கு அப்புறம்தான் சொன்னா. அதுக்குள்ள எல்லாம் கைமீறிப் போச்சு. இன்னையோட மூணு வாரம்."

பதினைந்து வருடமாக இந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனை பேரை எச்சரித்திருப்பார்! அந்த எச்சரிக்கையே சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றது இதுதான் முதல் தடவை. இரக்கத்தின் பின்னாலேயே கோபமும் வந்தது. அந்தப் பழைய தேதி ஏனென்று இப்போது விளங்கிவிட்டது.

"நாலு மாசத்துக்கு முன்னாடி நாய்க்கு ஊசி போட வேண்டிய முறை. போடல. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"போட்டாச்சுன்னு வீட்டுல பேச்சு. இப்ப அவங்க அட்டையைக் கேக்கறாங்க."

"தினமும் கேக்கறா. காலையில கண்ணு முழிச்சதும் அதே கேள்விதான். 'அட்டை எங்கங்க, அட்டை எங்கங்க'ன்னு."

"கேக்க மாட்டாங்களா பின்ன? பெத்த வயிறு!" டாக்டரம்மாவின் குரல் வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். "ஒரு நாள் லீவு போட்டு நாயைக் கூட்டிட்டு வந்திருந்தா இது நடந்திருக்குமா? பொய்க் காகிதத்தைக் காட்டி அந்தம்மாகிட்ட இருந்து தப்பிச்சுக்கலாம்னு பாக்கறீங்க. இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லுங்க. அவங்க சட்டையைப் பிடிச்சு உலுக்கட்டும், நாலு வார்த்தை கேக்கட்டும். வாங்கிக்குங்க. அதுதான் நியாயம்."

அவர் திட்டு வாங்கித் திட்டு வாங்கிப் பழகியவர்போலத் தலையை மட்டும் ஆட்டினார். மேஜைமேல் வைத்திருந்த கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். கதவின் கைப்பிடியைப் பிடித்தவர் திறக்காமல் நின்றார். திரும்பிப் பார்க்கவுமில்லை.

"அன்னைக்கு நாயைக் கூட்டிட்டு வர வேண்டியது நான் இல்லீங்க, அவதான், நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டா" என்றார், கதவைப் பார்த்தபடியே. "இப்ப 'ஊசி போட்டுட்டுத்தானே வந்தேன், அட்டையை எங்கயோ பத்திரமா வெச்சேனே'ன்னு பீரோவையும் பெட்டியையும் கவுத்துப் போட்டு மூணு வாரமாத் தேடிட்டே இருக்கா... ஒரு தடவையாவது அது அவ கைல கிடைக்கட்டுமேன்னுதான் டாக்டரம்மா."