ஐந்து லிட்டர் பந்தயம்

அன்று மியோட்ராக்குக்கு மானப் பிரச்சினை. மாமியார் ஊரிலிருந்து பெல்கிரேடு வரை, நூறு கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டர் பெட்ரோலைத் தாண்டாமல் காரை ஓட்டிக் காட்டுவதாக மச்சானிடம் பந்தயம். தோற்றால், மச்சான் வீட்டுக் குடைமிளகாய் மூட்டை அத்தனையையும் அவன்தான் சுட்டுத் தோலுரிக்க வேண்டும்.

“இப்ப எவ்வளவு காட்டுது?” என்று கேட்டாள் மனைவி ஸ்லாவிட்சா.

“நாலு புள்ளி ஆறு! டயர்ல காத்து ஏத்துன ஏத்துல வண்டி வழுக்கிக்கிட்டுப் போகுது பாரு!”

“ஏசி?”

“தொடுவேனா? ஜன்னலையும் மூடிட்டு அவிஞ்சுக்கிட்டிருக்கேன்.”

“எனக்கு ஜில்லுனு இருக்கே!”

“உனக்கென்ன, மகராசி.”

“கொஞ்சம் வேகமாப் போனா என்னவாம்னு அம்மா கேக்குறாங்க.”

“அறுபதைத் தாண்டினா பந்தயம் போச்சு. அத்தையைப் பேசாம வரச் சொல்லு.”

“சரி, உங்க இடது பக்கம் கொஞ்சம் பாருங்க.”

பார்த்தான். பஸ் ஒன்று அவனை முந்திக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் கைபேசியும் காதுமாக ஸ்லாவிட்சா கையசைத்தாள். எடை குறைக்க அவன் காரிலிருந்து இறக்கிவிட்ட எல்லாமே அங்கே இருந்தன: மனைவி, மாமியார், பன்னிரண்டு ஜாடி மிளகாய்த் துவையல், மாமியார் மடியில் ஸ்டெப்னி.

சிரித்துக்கொண்டே அவனும் கையசைத்தபோது ‘டமார்’ என்றது. அளவுக்கு மீறிக் காற்றடைத்த முன்டயர்.

காரை ஓரங்கட்டுவதற்குள் பஸ் வளைவில் மறைந்துவிட்டது.

“இப்ப எவ்வளவு காட்டுது?” என்றது கைபேசி.

“பூஜ்யம்” என்றான் மியோட்ராக்.