தூங்குகிற குடித்தனம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு தூக்கத்தின் கதை சொல்கிறேன். கேட்டுக்கொண்டே இமை சொக்கினாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

"இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடு ரேவதி. என் வீட்ல மூதேவி வந்து படுத்திருக்கா."

சொன்னவள் ஆதிலட்சுமி. கிரிவல மலைக்குப் பக்கத்து ஊரான வேங்கிக்காலில் தன் வீட்டு மாடி அறையை வாடகைக்கு விட்டிருப்பவள். ரேவதி, வீடில்லாமல் தெருவில் இருப்பவர்களுக்கு வாடகைக்கு இடம் பிடித்துக் கொடுத்து, அவர்கள் அதில் ஊன்றி நிற்கும்வரை வந்து வந்து பார்த்துக்கொள்கிற அமைப்பில் வேலை செய்கிறாள். அப்படித் தெருவில் இருந்த வெள்ளையம்மாள் என்பவளுக்காக அவள் ஏறி இறங்காத வாசல் இல்லை. எல்லாரும் கைவிரித்தபோது ஆதிலட்சுமி ஒருத்திதான் சரி என்றாள். இதுவும் போனால் வெள்ளையம்மாளுக்கு மறுபடி தெருதான்.

உச்சி வெயில். தூரத்தில் மலை, கரைந்துவிடப்போகிற மேகம்போல நீலமாய் நின்றது.

வெள்ளையம்மாள் வந்த நாளிலிருந்து தூங்குகிறாளாம். விடிந்தாலும் தூக்கம், விளக்கு வைத்தாலும் தூக்கம். எழுந்தால் சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறாள், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறாள். அவள் முகத்தைக்கூட இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று ஆதிலட்சுமி அடுக்கிக்கொண்டே போனாள்.

"டாக்டர் பார்த்துட்டாரும்மா. ஒடம்புக்கு ஒண்ணுமில்லையாம். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க."

"பொறுத்துதான் என் தெய்வமே போயிடுச்சு."

அந்தக் கதையைச் சொன்னாள். பௌர்ணமிதோறும் ஆதிலட்சுமி கிரிவலம் போவாள். பாதையில் ஓர் அம்மா நடப்பாராம். முக்காடு, வெறுங்கால். ஊரெல்லாம் பௌர்ணமிக்குச் சுற்றினால், அவர் தினம் தினம் ராத்திரி முழுக்கச் சுற்றுகிறார் என்று கடைக்காரர்கள் சொல்வார்களாம். அவர் உட்கார்ந்து பார்த்தவர் இல்லை. நிலா வெளிச்சத்தில் கால் தரையில் படாமல் மிதந்து போவது போலிருக்குமாம். ஆதிலட்சுமி ஓடிப்போய்க் காலைத் தொட்டுக் கும்பிடுவாள். நிமிர்ந்து முகம் பார்க்கத் துணிந்ததில்லை. அப்படிக் கும்பிட்ட வருஷம்தான் அவள் மகளுக்குக் குழந்தை தங்கியது.

"இந்தப் பௌர்ணமிக்கு மலையச் சுத்தித் தேடினேன். எங்கியும் காணோம். இந்தத் தூங்குமூஞ்சி உள்ள வந்தா, அந்த மகராசி போயிட்டாங்க. மூதேவி படுத்திருக்கிற எடத்துல சாமி எப்படி நிக்கும்?"

ரேவதி மாடியை அண்ணாந்து பார்த்தாள். மாடியிலிருந்து மெல்லிய குறட்டை, யாரோ தொட்டிலாட்டுவதுபோல வந்து வந்து போனது.

"அவங்க எதுக்கு நடந்தாங்கன்னு கேட்டிருக்கீங்களாம்மா?"

"அத வேற கேக்கணுமா? எல்லாம் பக்திதான்."

"நான் கேட்டேன்," என்றாள் ரேவதி. "பொம்பளை தனியா ரோட்டோரம் படுத்தா எவனாவது வந்து மேல கை வெப்பான், நடந்துக்கிட்டே இருந்தா கும்புட்டுட்டு வழி விட்டுடுவாங்கன்னாங்க. பகல்ல கண்ணசந்தா எழுப்பி வெரட்டுவாங்களாம். அத்தனை வருஷத் தூக்கத்தையும் இப்பதாம்மா, உங்க மாடியில தூங்குறாங்க."

தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவர் மைக்கில் கூவிக்கொண்டே வந்தார். ஆதிலட்சுமி செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய், "சத்தம் வேணாம்பா, மேல தூங்குறாங்க" என்றாள்.

உங்கள் வீட்டில் தலைசாய்க்கிற எல்லாரும் பயமில்லாமல் உறங்கட்டும், கண்ணுகளா. வந்தவருக்கு விரிக்க ஒரு பாய் உங்கள் வீட்டில் எப்போதும் கூடுதலாக இருக்கட்டும்.